உப்பு ஐஸில் உறைந்த இரண்டு குப்பிகள்

பிற்பகல் இரண்டு மணி பத்து நிமிடம். மூதூர் இறங்குதுறையில், திருகோணமலைக்குப் புறப்படவிருந்த படகின் கயிற்றை அவிழ்த்தவர் அதைத் திரும்பவும் தூணில் சுற்றினார். நாங்கள் எல்லோரும் ஏறி இருந்துவிட்டோம். கரையில் நின்ற நேவிக்காரர் கையை ஆட்டி ஏதோ சொன்னார். படகோட்டி எங்கள் பக்கம் திரும்பினார்.

"துறைமுகத்தில தேடுதலாம். இனி நாளைக்குத்தான். இறங்குங்கோ."

என் மடியில் ஒரு ரெஜிபோம் பெட்டி, சூடு புகாத வெள்ளை நுரைப்பெட்டி, இருந்தது. அதற்குள் ஐஸ் கட்டிய பைகளுக்கு நடுவே இரண்டு சிறிய குப்பிகள். அவற்றில் ஒன்றில், அன்று மதியம் என் மகள் மிதுலாவின் கையிலிருந்து எடுத்த தோல். ஒரு பயறு அளவுகூட வராது. ஆனால் அது உயிரோடு இருந்தது. உயிரோடு அன்று மாலைக்குள் திருகோணமலை நகரில் டொக்டர் வாசுகியின் கையில் சேர வேண்டும். அவர் அதை எடுத்துக்கொண்டு கொழும்புக்குப் போய் மறுநாள் விமானம் ஏற வேண்டும். நாளைக்கு என்ற சொல்லுக்கு அந்தப் பெட்டியில் இடமில்லை.

நான் இந்த வருடம் வயதுக்கு முந்தியே ஓய்வு பெற்றேன். வேலைக்காலம் முழுவதும் ஆஸ்பத்திரி ஆய்வுகூடங்களில் இரத்தமும் சளியும் பார்த்தவள். பிரியாவிடையன்று எங்கள் ஆய்வுகூடத்து இளையவர்கள் கைபேசியில் ஒரு படத்தைக் காட்டினார்கள். கிண்ணமொன்றில் மனித நரம்புக் கலங்கள், செல்கள் என்றும் சொல்வார்களே அவை, வேர் விட்டது போலப் பரவிக் கிடந்தன. ஒருவருடைய தோலை அல்லது இரத்தத்தை எடுத்து, அதிலுள்ள முதிர்ந்த கலங்களைப் பின்னோக்கி நடத்தி, எதுவாகவும் வளரக்கூடிய குருத்துக் கலங்களாக்குகிறார்கள். பிறகு அவற்றை நரம்புக் கலங்களாக வளர்த்து, புதிய மருந்துகளை முதலில் அவற்றில் ஊற்றிப் பார்க்கிறார்கள். "மிஸ், இதெல்லாம் எங்கட நாட்டுக்கு எப்ப வரும்?" என்று கேட்டார்கள். வந்து போன கதை ஒன்று இருக்கிறது என்றேன். அப்படியென்றால் ஆய்வுகூட ஊழியர் சங்கத்து மலருக்கு எழுதித் தாருங்கள் என்றார்கள். யுத்தத்தின் கடைசிக் காலத்துக்கு உரிய கதை இது.

என் படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கொழும்பில் பயிற்சி, பிறகு ஊர் ஊராக வேலை, கலியாணத்துக்குப் பிறகு, மூதூரையும் திருகோணமலை நகரையும் பிரிக்கும் குடாவுக்கு இந்தப் பக்கத்தில் ஒரு சிறிய ஆஸ்பத்திரி. பயிற்சியில் எங்கள் இரத்தத்தில் ஊற வைத்த பாடம் ஒன்று உண்டு. உடம்பிலிருந்து வெட்டி எடுத்த எதுவும் உடனே போமலினுக்குள் போக வேண்டும். போமலினில் போட்டால் அழுகாது, சுருங்காது, எத்தனை நாளும் இருக்கும். செத்துப்போய் இருக்கும் என்பதை ஒருவரும் சொல்லித் தரவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இருக்கவில்லை. எங்கள் தொழிலில் தசையென்றால் செத்த தசைதான்.

மிதுலாவுக்கு முதல் வலிப்பு வந்தபோது அவளுக்கு ஒரு வயது ஆகவில்லை. சாதாரணக் காய்ச்சல் வலிப்பு என்றுதான் நினைத்தோம். பிறகு காய்ச்சல் இல்லாமலும் வந்தது. வெயிலில் நின்றால் வரும், சுடுதண்ணீரில் குளித்தால் வரும். பங்குனி, சித்திரை மாதங்களில் ஈரத் துவாயைத் தோளில் போட்டபடி வளர்ந்த பிள்ளை அவள். முதலில் கொடுத்த மருந்து அவளைப் பகலெல்லாம் நித்திரையாக்கியது. இரண்டாவதாகக் கொடுத்தது வலிப்புக்கு எல்லாரும் எழுதும் மருந்து, பலருக்கு நன்றாக வேலை செய்தது. மிதுலாவுக்கு அது தொடங்கியபின் வலிப்பு கூடியது. அளவு காணாது என்று நினைத்து அளவைக் கூட்டினோம். இன்னும் கூடியது. கணித ஆசிரியரான என் கணவர் ஒருநாள் குசினி வாசலில் நின்று, "நாங்கள் குடுக்கக் குடுக்கத்தானே இது கூடுது" என்றார். அந்தக் கேள்வியோடுதான் நகரத்துக்கு வந்திருந்த டொக்டர் வாசுகியிடம் போனோம்.

டொக்டர் வாசுகி திருகோணமலையில் பிறந்தவர். வெளிநாட்டில் நரம்பு நோய் வைத்தியராகவும் ஆராய்ச்சியாளராகவும் இருந்தார். வருடத்தில் சில மாதங்கள் வந்து இங்கே கிளினிக் பார்ப்பார். ஒல்லியான மனிதர், குரல் உயராது. பிள்ளைகளைப் பார்க்கும்போது தான் சின்ன ஸ்டூலில் இருந்துகொண்டு பிள்ளையைத் தன் கதிரையில் இருத்துவார். பெற்றோருடன் கதைப்பதற்கு முதல் பிள்ளையோடு கதைப்பார். மிதுலாவிடம் அவர் கேட்ட முதல் கேள்வி, "வலிப்பு வர முந்தி உங்களுக்குத் தெரியுமா?" என்பது. அவளை அதுவரை எந்த டொக்டரும் 'உங்களுக்கு' என்று சொன்னதில்லை. அவள் என்னைப் பார்த்துவிட்டு, "சிலவேளை லைற் கூடின மாதிரித் தெரியும்" என்றாள். எனக்கே தெரியாத விசயம் அது.

அந்த இரண்டாவது மருந்தை டொக்டர்தான் மெல்ல மெல்ல நிறுத்தினார். "மருந்து பிழையில்லை. இந்தப் பிள்ளைக்கு அந்த மருந்து பிழை" என்றார். நிறுத்திய பிறகு வலிப்பு கொஞ்சம் இறங்கியது. அப்போதுதான் நான் கேட்டேன்.

"டொக்டர், அடுத்த மருந்தும் பிள்ளையிலதானா போட்டுப் பார்க்கோணும்?"

டொக்டர் கையுறை சுற்றி வந்த தாளைத் திருப்பி, அதில் ஒரு கையின் படத்தைக் கீறினார். கையிலிருந்து ஒரு புள்ளி, புள்ளியிலிருந்து ஒரு கிண்ணம், கிண்ணத்துக்குள் வேர்கள். தோலிலிருந்து நரம்புக் கலம் வளர்க்கும் வேலை உலகத்தில் அப்போதுதான் தொடங்கியிருந்தது. தன்னுடைய ஆய்வுகூடமும் அதில் இறங்கியிருப்பதாகவும், உரிய அனுமதிகள் எடுத்துவிட்டதாகவும் சொன்னார்.

"ஆனால் ஒண்டு. இது மிதுலாவுக்கு உதவும் எண்டு நான் வாக்குத் தரமாட்டன். கலங்கள் வளராமப் போகலாம். வளர்ந்தாலும் வருசக் கணக்காகும். இது உங்கட மகளின்ர மூளையைப் போல ஒண்டு, மூளை இல்லை. யோசிச்சுச் சொல்லுங்கோ."

யோசிக்க எனக்கு என்ன இருந்தது? ஒரு மருந்து பிழையென்றால் அது என் பிள்ளையின் தலைக்குள் அல்லாமல் ஒரு கிண்ணத்துக்குள் பிழையாகிப் போகட்டும். அதற்கு மேல் நான் எதையும் கேட்கவில்லை.

இன்னொன்றும் தேவைப்பட்டது. நோயில்லாத, எங்கள் இரத்த உறவில்லாத ஒருவருடைய தோல். "மிதுலாவின்ர கலம் ஒரு மாதிரி நடந்தால், அது நோயாலயா, கிண்ணத்தாலயா, நாங்கள் வளர்த்த விதத்தாலயா எண்டு எனக்கு எப்படித் தெரியும்? பக்கத்தில ஒரு சுகமான ஆளின்ர கலம் இருக்கோணும்" என்றார் டொக்டர். உறவுக்கு வெளியே பலரிடம் கேட்டோம். தோலைக் கொண்டுபோய் ஆளடையாளம் பிடிப்பார்கள் என்று ஒரு கதை ஊரில் ஓடியது. அந்த நாட்களில் அடையாளம் என்ற சொல்லுக்கு எல்லோரும் பயம். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். கடைசியில் எங்கள் ஆஸ்பத்திரிச் சிற்றூழியர் குணம் அண்ணைதான் ஓமென்றார். "என்ர தோல் கொஞ்சம் தடிப்பு டொக்டர். மனுசி ஒவ்வொரு நாளும் சொல்லுறவ" என்றார்.

வெயிலில் மிதுலாவைப் படகேற்ற முடியாது. அதனால் தோலை எங்கள் ஆஸ்பத்திரியிலேயே எடுத்து, டொக்டர் புறப்படும் நாளில் நான் கொண்டுபோய்க் கொடுப்பது என்று முடிவானது. ஒத்திகை பார்ப்பதற்காக டொக்டர் ஒருமுறை குடாவைக் கடந்து வந்தார். எங்கள் வைத்தியரும் நானும் குணம் அண்ணையும் ஒரு கோழிக் காலைச் சுற்றி நின்றோம். டொக்டர் வந்ததும் செய்த முதல் வேலை, மேசையில் இருந்த போமலின் போத்தலைக் கையில் எடுத்ததுதான்.

"இதைக் கொண்டுபோய் வெளியில வையுங்கோ, அண்ணை. மேசையில இருந்தால் கை தானாப் போகும்."

பிறகு ஒவ்வொன்றையும் முதலில் வாயால் சொல்லி, அதன் பிறகு கையால் செய்தார். ஸ்பிரிட் பூசிவிட்டு அது தானாகக் காயும்வரை காத்திருக்க வேண்டும். ஊத அவசரப்படக் கூடாது. ஈரத்தோடு எடுத்தால் ஸ்பிரிட்டே கலங்களைக் கொன்றுவிடும். விறைப்பு ஊசி போட்டுவிட்டு, விறைத்துவிட்டதா என்று பிள்ளையிடம்தான் கேட்க வேண்டும். பேனா முனை போன்ற வட்டக் கத்தியை நேராக வைத்து, ஒரே பக்கமாகத் திருப்ப வேண்டும். வந்த துண்டை இடுக்கியால் நசுக்காமல் ஊசி முனையால் தூக்க வேண்டும். பிறகு இளஞ்சிவப்புத் திரவம் நிறைந்த குப்பி. அந்தத் திரவம் மஞ்சளாகினால் உள்ளே புளித்துவிட்டது என்று பொருள். மூடியைச் சுற்றி மெழுகுத் தாள். குப்பி குளிராக இருக்க வேண்டும். கோழித் தோலில் நான் மூன்றாவது முறை சரியாகச் செய்தபோது டொக்டர் பாராட்டவில்லை. "இனி நான் இல்லாமலும் நடக்கும்" என்று மட்டும் சொன்னார். அவரிடமிருந்து வந்த பெரிய பாராட்டு அதுதான் என்று பிறகு விளங்கியது.

அன்றைக்கு எல்லாம் அவர் சொன்னபடியே நடந்தது. குணம் அண்ணை முதலில் கையைக் கொடுத்தார். மிதுலா கண்ணை வெட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். "நோகுதா மாமா?" என்றாள். "நுளம்புக்கு என்னில கோவமெண்டால் இப்பிடித்தான் கடிக்கும்" என்றார் அவர். பிறகு அவள் தன் கையை நீட்டினாள்.

அதன்பிறகுதான் அந்த இரண்டு மணி பத்து நிமிடம்.

இறங்குதுறையில் பெட்டியுடன் நின்ற என்னை நஸீர் நானா கண்டார். கிண்ணியாவைச் சேர்ந்த மீன் வியாபாரி; அங்கே முஸ்லிம்கள் அண்ணனை நானா என்பார்கள். தன் தாயாரின் சீனி வருத்தத்துக்கு இரத்தம் பார்க்க எங்கள் ஆய்வுகூடத்துக்கு வந்து போவார். தரைவழியாகப் போவதற்குப் படையினர் தரும் பாஸ் எனக்கு இல்லை. அவருடைய லொறிக்கு இருந்தது.

"என்ன மிஸ், முகம் செத்துப் போய் இரிக்கு?"

சொன்னேன்.

"மகள்ட தோலா? இதுக்குள்ளயா?" பெட்டியை இரண்டு கையாலும் வாங்கினார், பிறந்த பிள்ளையை வாங்குவது போல. "நான் இப்ப டவுனுக்குத்தான் போறன். பாதையெல்லாம் கடந்து போய்ச் சேரப் பொழுதுபட்டு மஃரிப் தொழுகை நேரம் ஆகிரும். ஆனாப் போய்ச் சேரும். என்ட பொறுப்பு."

"நானா, வெயில் படக்கூடாது. பெட்டியைத் திறக்காதீங்கோ. பழுதாகாமப் போய்ச் சேரோணும்."

"பழுதாகாமக் கொண்டு போறதுதானே மிஸ் என்ட தொழில்."

நகரத்துக்கான தரைவழியில் அப்போது கிண்ணியாப் பாலம் கிடையாது. வாகனங்களை ஏற்றிக் கடக்கும் தட்டைப் படகு ஒன்று இருந்தது. அதைத்தான் எங்கள் ஊர்களில் பாதை என்போம். அன்று தேடுதலால் பாதையும் நின்று நின்று ஓடியது. நஸீர் நானாவின் லொறி வெயிலில் வரிசையில் நின்றதாம். பெட்டியின் மூலையிலிருந்து தண்ணீர் சொட்டத் தொடங்கியது. ஆட்டிப் பார்த்தால் உள்ளே சலசலவென்று சத்தம். ஐஸ் பைகள் கரைந்து உடைந்துவிட்டன. மிஸ் திறக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறாரே, ஆனால் பிள்ளையின் தோல் வெந்து போகிறதே என்று அவர் தவித்திருக்கிறார். கடைசியில் திறந்தார். இரண்டு குப்பிகளையும் ஒரு சுத்தமான பொலித்தீனில் சுற்றி, தன் மீன் பெட்டிகளில் ஆகத் திறமான பாரை மீன் இருந்த பெட்டியின் நடுவில் புதைத்தார்.

தூர ஓட்டத்துக்குப் போகும் மீன்காரர்கள் நொறுக்கிய ஐஸில் உப்புப் போடுவார்கள். உப்புப் போட்ட ஐஸ் வெறும் ஐஸைவிடக் கடுமையாகக் குளிரும். மீன் கல்லாக நிற்கும். கடலோரத்தில் பிறந்த எவரையும் கேளுங்கள், ஒரு பொருள் பழுதாகாமல் இருக்க வேண்டுமென்றால் அதைத்தான் செய்வார்கள். எனக்குப் போமலின் எப்படியோ, நஸீர் நானாவுக்கு உப்பு ஐஸ் அப்படி.

பின்னேரம் இருட்டுகிற நேரத்தில் அவர் கிளினிக் வாசலுக்குப் போய்ச் சேர்ந்தார். நான் தொலைபேசியில் சொல்லியிருந்தபடியால் டொக்டர் வாசலிலேயே நின்றிருக்கிறார். நஸீர் நானா பெருமையோடு பொலித்தீனை அவிழ்த்தாராம்.

"டொக்டர், ஒரு துளி பழுதில்ல. பாருங்க, கல்லு மாதிரி இரிக்கு."

இளஞ்சிவப்புக் கல் இரண்டு. கலத்துக்குள் இருக்கும் தண்ணீர் அப்படி உறைந்தால் ஊசி ஊசியாகப் பளிங்காகும், கலம் கிழிந்துவிடும். உறைய வைத்துக் காப்பதற்கென்று மருந்து சேர்க்கும் முறை வேறு, அது இதில் இல்லை. டொக்டர் குப்பிகளைப் பார்த்தார். பிறகு நஸீர் நானாவைப் பார்த்து, "தூரத்தில இருந்து வந்திருக்கிறீங்கள். தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ" என்றார். அவர் குடித்து முடித்துப் போகும்வரை அதைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. அதன் பிறகுதான் எனக்குத் தொலைபேசி எடுத்தார்.

"அவரை ஏசிப்போடாதீங்கோ" என்பதுதான் அவர் சொன்ன முதல் வசனம். அதிலேயே எனக்கு விளங்கிவிட்டது.

உறைந்த குப்பிகளையும் அவர் விடாமல் கொண்டு போனார். வாரங்கள் கழித்து அங்கிருந்து அழைத்தார். "ஒண்டும் முளைக்கேல்ல. ரெண்டிலயும்."

மிதுலா பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "அம்மா, என்ர தோல் செத்துப்போச்சா?"

"ஓம் குஞ்சு."

"குளிர்ந்திருக்குமா அதுக்கு?"

என் கணவர் சொன்னார், "அதுக்குத் தெரிஞ்சிருக்காது செல்லம். நித்திரையில போயிருக்கும்." பிறகு என்னை வெளியே கூப்பிட்டு, "இனி ஒருத்தரும் இவளில கத்தி வைக்கேலாது" என்றார்.

சில நாட்களில் நஸீர் நானா ஆய்வுகூடத்துக்கு வந்தார். கையில் ஒரு பெரிய பாரைத் துண்டு. விசயம் அவருக்கு எப்படியோ எட்டியிருந்தது. வெளியே கிடந்த மர வாங்கில் இருக்கச் சொன்னேன். இருக்கவில்லை.

"மிஸ், உப்பில்லாட்டி?"

"என்ன நானா?"

"உப்புப் போடாத ஐஸில வெச்சிருந்தா உசிரோட இரிந்திருக்குமா?"

பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். "இருந்திருக்கலாம் நானா."

அவர் தலையைத் தடவிக்கொண்டார். "நான் மீனத்தான் மிஸ் நினைச்சன். மீன் செத்த சாமான். உசிருள்ளத நான் என்ட வாழ்க்கையில ஒரு நாளும் ஏத்தினதில்ல." பிறகு, "ரெண்டு குப்பி இரிந்திச்சே. மத்தது ஆர்ட?" என்று கேட்டார். சுகமான ஒருவரின் தோலும் ஏன் வேண்டும் என்பதை, டொக்டர் எனக்குச் சொன்னது போலவே சொன்னேன். கேட்டுவிட்டு மீன் துண்டை மேசையில் வைத்துவிட்டுப் போனார். ஆய்வுகூட மேசையில் மீன் வைக்கக் கூடாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இந்தக் கதையைக் கேட்ட இளையவர்கள், கடைசியில் கலங்கள் வளர்ந்தனவா என்று அவசரப்பட்டார்கள். வளர்ந்தன. யுத்தம் முடிந்து வெகு காலத்துக்குப் பிறகு டொக்டர் ஒரு காணொளி அனுப்பினார். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கிண்ணங்கள். கலம் வேலை செய்யும்போது ஒளிரும்படி சாயம் போட்டிருந்தார்கள். ஒரு கிண்ணத்தில் மழைத் தூறல் குளத்தில் விழுவது போல இங்கொன்று அங்கொன்றாக ஒளி. மற்றதில் கொஞ்ச நேரம் இருட்டு, திடீரென்று கிண்ணம் முழுவதும் ஒன்றாகப் பற்றி எரிந்தது, திரும்பவும் இருட்டு. எரிந்த கிண்ணம் மிதுலாவுடையது. தான் இருபது வயதைத் தாண்டியவள் என்பதை மறந்து, "லைற் கூடுது அம்மா, இதுதான், இதுதான்" என்று அவள் கத்தினாள்.

பலருக்கு வேலை செய்யும் அந்த இரண்டாவது மருந்தைக் கிண்ணத்தில் விட்டுப் பார்த்தார்கள். மற்றக் கலங்களைக் கிளர்ந்தெழாமல் அடக்கி வைக்கும் கலங்கள் மிதுலாவுக்கு ஏற்கெனவே சோர்ந்தவை. அந்த மருந்து அவற்றை இன்னும் சோர வைத்தது. நாங்கள் அளவைக் கூட்டிக் கூட்டிக் கொடுத்ததை நினைத்து நான் அன்று முழுவதும் சாப்பிடவில்லை. வேறு சில மருந்துகளையும் அங்கே முதலில் பார்த்தார்கள். கிண்ணத்தைக் கெடுத்தவற்றை என் மகளுக்குக் கொடுக்கவில்லை. நோய் தீர்ந்ததா என்றால், இல்லை. வலிப்பு குறைந்திருக்கிறது. நான் இன்னமும் அவள் குளிக்கும்போது கதவுக்கு வெளியே நிற்கிறேன். ஆனால் ஒவ்வொரு புது மருந்துக் குளிசைக்கும் அவளுடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்த அந்தப் பயம் இல்லை.

தூறல் விழுந்த மற்றக் கிண்ணம் யாருடையது என்பதைச் சொல்லித்தான் இதை முடிக்க வேண்டும்.

டொக்டர் அடுத்த முறை நாட்டுக்கு வந்தபோது தானே குடாவைக் கடந்து வந்தார். காலைப் படகில் வந்து மத்தியானப் படகில் திரும்ப அனுமதி. அவரோடு ஒரு நல்ல பெட்டி, உள்ளே வெப்பமானி. என் கணவர் முதல்நாள்தான் இளகியிருந்தார். "அவளைக் கேளும். அவள் ஓமெண்டால் ஓம்" என்று சொல்லியிருந்தார். மிதுலா ஓமென்றாள், ஒரு நிபந்தனையோடு. குணம் மாமாவும் கொடுக்க வேண்டும்.

ஆனால் குணம் அண்ணையின் தாயார் நகரத்துக்கு வடக்கே திரியாயில் காலமாகி, அவர் செத்தவீட்டுக்குப் போயிருந்தார். இடையில் வீதியை மூடிவிட்டார்கள். வர முடியவில்லை.

டொக்டர் வழக்கம்போலச் சின்ன ஸ்டூலில் இருந்தார். மிதுலா கதிரையில் இரண்டு கைகளையும் சட்டைக்குள் இழுத்து வைத்துக்கொண்டிருந்தாள்.

"நான் மட்டும் எண்டால் ஏலாது."

"அம்மா தாறன் குஞ்சு. அம்மாட கையைப் பார்" என்றேன்.

"அம்மா எனக்காகச் சும்மா குடுப்பா. டொக்டருக்கு அம்மாட தோல் தேவையில்லை. எனக்குத் தெரியும்."

உண்மைதான். தாயின் கலத்தில் மகளின் பாதி இருக்கும். அந்த நோய் எங்கிருந்து வந்தது என்று அப்போது எங்களுக்குத் தெரியாது. ஒப்பிட்டுப் பார்க்க நான் உதவமாட்டேன். டொக்டர் அவளைக் கட்டாயப்படுத்தவில்லை, சொக்கலேற் காட்டவில்லை. "நீங்கள் சொல்லுறது சரி. உங்கள் ஒராளின்ர தோலோட எனக்கும் அரைவாசி வேலைதான் செய்யலாம்" என்றார். "படகு போகுமட்டும் இருப்பம். ஒருத்தரும் வராட்டில் நான் போயிட்டு அடுத்த வருசம் வாறன்."

அடுத்த வருடம். அந்த நாட்களில் அடுத்த கிழமையைப் பற்றியே ஒருவரும் நிச்சயமாகக் கதைப்பதில்லை. என் கணவர் வெளியே போய் நோயாளர் வாட்டில் நின்றவர்களைக் கேட்டார், காவலாளியைக் கேட்டார். நோயாளிகளைப் பார்க்க வந்தவர்கள் அவர் கிட்ட வருவதைக் கண்டு விலகினார்கள். நான் மேசையில் எல்லாவற்றையும் அடுக்கி வைத்தேன், திரும்ப எடுத்தேன், திரும்ப அடுக்கினேன். ஊற்றிய ஸ்பிரிட் கிண்ணத்திலேயே காய்ந்து போனது. டொக்டர் தன் பெட்டியின் மூடியைப் பூட்டினார். வெறும் பெட்டி பூட்டுகிற சத்தம் அது. மிதுலா அழத் தொடங்கினாள்.

"நான்தானே பிழை" என்றாள்.

"இல்லை. கூட்டாளி கேக்கிறது பிழையில்லை" என்றார் டொக்டர்.

அப்போது வாசலில் ஒரு லொறி வந்து நின்றது. கதவு அடித்துச் சாத்தும் சத்தம், செருப்பைக் கழற்றும் சத்தம். நஸீர் நானா உள்ளே வந்தார். தலை ஈரமாக இருந்தது. குளித்துவிட்டு, பள்ளிவாசலுக்குப் போவது போல வெள்ளைச் சேட்டுப் போட்டிருந்தார். குணம் அண்ணை வரமுடியாத செய்தி இறங்குதுறையில் அவர் காதில் விழுந்திருக்கிறது. டொக்டரைக் கண்டதும் ஒரு கணம் தயங்கி நின்றார். பிறகு மிதுலாவுக்குப் பக்கத்துக் கதிரையில் போய் இருந்து, வலது சேட்டுக் கையை முழங்கைக்கு மேலே சுருட்டி, அவளைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்து, என்னிடம் சொன்னார்:

"மிஸ், இந்த முற ஐஸ் கொண்டு வரல்ல. கைய மட்டும்தான் கொண்டு வந்திரிக்கன்."